காலுக்கும் வேண்டும் பேக்கிங்!



மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் நல்ல தலைப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. 'நேரத்தின் அருமை'யை ஒருவன் எடுத்துக்கொண்டான். 'தாயின் பெருமை'க்கு இரண்டு பேர். 'செல்போன் நன்மையா தீமையா' என்ற தலைப்புக்கு அடிதடியே நடந்திருக்கும், லஞ்ச் பெல் அடித்துக் காப்பாற்றியது. கடைசியில் எனக்கு மிஞ்சியது என் இடது கால்தான். சிரிக்காமல் படியுங்கள்.

என் இடது கால் வலது காலைவிட 18 மில்லிமீட்டர் குட்டை. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. இதை நான் இரண்டு வருஷம் உங்களிடம் மறைத்தேன். பேன்ட்டின் இடது கால் ஓரம் மட்டும் தரையில் உரசி நூல் பிரிந்து தொங்குவதைப் பார்த்தவர்களிடம் "டைலர் சரியில்லடா" என்று பழியைத் தூக்கி டைலர் தலையில் போட்டேன். பாவம், அவர்தான் முதன்முதலில் கண்டுபிடித்தவர். "தம்பி, உனக்கு ரெண்டு காலுக்கும் ரெண்டு அளவு போடணும்பா" என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னார். எனக்குக் கோபம் வந்து கடையையே மாற்றிவிட்டேன். லேத்தில் டேப்பர் டர்னிங் நடத்திய வாரத்தில் வகுப்பிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'டேப்பர்'. இன்றும் கேன்டீனில் அந்தப் பெயர்தான். பழகிவிட்டது. ஆனால் முதல் ஒரு மாதம் இரவில் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலின் நீளக் குறை என்பது அளந்து பார்க்க வேண்டிய ஒரு அளவு, அவ்வளவுதான். அளந்தால் அதற்குப் பேக்கிங் வைக்கலாம். மறைத்தால் முதுகுதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அளக்காமல் கையில் கிடைத்ததைக் காலுக்கடியில் திணித்தால் அதைவிட மோசம். இந்த மூன்றாவது தப்பையும் செய்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் அல்லாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. லேத்தில் டூலை மாட்டும்போது அதன் நுனி சென்டர் ஹைட்டில் நிற்க வேண்டும். தாழ்ந்து இருந்தால் ஃபேசிங் போடும்போது ஜாபின் நடுவில் ஒரு சின்னக் குமிழ் வெட்டப்படாமல் நின்றுவிடும். அதற்காக டூலுக்கடியில் தகட்டுப் பட்டை வைத்து உயர்த்துவோம். அதுதான் பேக்கிங். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் முதல் நாளே சொன்னார், "தம்பிகளா, மெல்லிசா பத்துப் பட்டை அடுக்காதீங்க. கெட்டியா ஒண்ணோ ரெண்டோ வைங்க. இல்லைன்னா டூல் ஆடும், சாட்டர் விழும்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என் காலுக்கு அது பொருந்தும் என்று அன்று புத்தியில் ஏறவில்லை.

கதை பழசு. ஒன்பது வயதில் புளியமரத்தில் ஏறி விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. அப்பா டேனரியில் கூலி வேலை. அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டவர் அப்போது யாரும் இல்லை. பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிற ஒருவரிடம் தூக்கிப் போனார்கள். மூங்கில் பட்டை, முட்டை, துணி. எலும்பு சேர்ந்தது. ஆனால் நேராகச் சேரவில்லை, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிச் சேர்ந்தது. அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அன்று எங்களுக்குக் கிடைத்தவர் அவர்தான். "வளர வளர சரியாயிடும்" என்று அப்பா சொன்னார். முழுக்கத் தப்பும் இல்லை. சிறு வயதில் தொடை எலும்பு முறிந்தால் அந்தக் கால் சில காலம் வேகமாக வளர்ந்து கொஞ்சம் ஈடுகட்டுவது உண்டு என்று பிற்பாடு டாக்டர் அம்மாவே சொன்னார். என் கால் ஈடுகட்டியது போக மிச்சம் இந்த 18.

இரண்டாம் வருஷ விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். நாள் முழுக்க நின்றே வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் கயிறு திரித்த மாதிரி வலி. வீட்டுக்கு வந்ததும் நானே டாக்டர் ஆனேன். பழைய கார் மேட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி இடது ஷூவின் குதிகாலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இருபது மில்லிமீட்டர் தேறும். கண்ணாடியில் பார்த்தால் தோள் நேராக இருந்தது. ஆகா, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

மறுநாளே குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்து வந்து போயிற்று. துண்டுகள் உள்ளே வழுக்கின. குதிகால் மட்டும் மேலே நின்றதால் விரல்கள் முன்னால் இடித்துக் கொப்புளம். இரண்டாம் நாள் முழங்காலிலும் வலி. மூன்றாம் நாள் படியில் தடுக்கி விழுந்தேன். சாட்டர் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இன்ஸ்ட்ரக்டர் சாரின் பத்துப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்னாடா இது, சிமென்ட் மூட்டை அடுக்குற மாதிரி அடுக்கி வெச்சிருக்க? அளவெடுக்காம யாருனா ஷூ தைப்பாங்களா?" என்றார். அடுத்த நாள் அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஓ.பி. சீட்டு வாங்கி எலும்புப் பிரிவு வரிசையில் இரண்டு மணி நேரம்.

டாக்டர் அம்மா எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. வெறுங்காலோடு நேராக நிற்கச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து என் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு மரத்துண்டை என் இடது பாதத்துக்கடியில் வைத்தார். மறுபடி பார்த்தார். இன்னொன்று வைத்தார். ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்துப் பார்த்து மெஷினுக்குத் தகடு கொடுப்போமே, அச்சு அசல் அதேதான். பதினைந்து மில்லிமீட்டரில் இன்னும் கொஞ்சம் சரிவு. இருபது வைத்தால் மறுபக்கம் சரிவு. அடுத்து படுக்க வைத்து, இடுப்பின் முன்பக்கம் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து உள்கணுக்கால் முட்டு வரை இரண்டு காலையும் டேப்பால் அளந்தார். கடைசியில் எக்ஸ்ரே. "பதினெட்டு" என்று எழுதினார். என்னைப் பற்றி யாரோ மில்லிமீட்டரில் பேசியது அதுதான் முதல் தடவை. வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. 'நொண்டி' என்றால் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. 'பதினெட்டு' என்றால் அடுத்தது என்ன என்று கேட்கலாம்.

அடுத்தது எளிதாக இருந்தது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் 5 மி.மீ. மட்டும். மூன்று வாரம் நடந்து பழகிய பிறகு இன்னும் கொஞ்சம். பதினெட்டையும் நிரப்ப வேண்டாம், பன்னிரண்டு போதும் என்றார். "எட்டு வருஷமா உன் முதுகு இந்தச் சாய்வுக்குப் பழகியிருக்கு. ஒரே நாள்ல நிமித்தினா அது சண்டை போடும்பா" என்று விளக்கினார். ஷூவுக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வைத்தால் குதிகால் நிற்காது. அதற்கு மேல் வேண்டியதை வெளியே அடிப்பாகத்தில்தான் ஏற்ற வேண்டும். குதிகாலை மட்டும் ரொம்ப உயர்த்தினால் பின்னங்கால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநார் சுருங்கி இறுகிவிடும். ஆகவே பாதம் முழுக்க வரும்படி, முன்னால் போகப் போக மெலிந்து போகும் துண்டு வேண்டும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கக் கூடாது. எடை ஏறியதும் அமுங்கி உயரமே காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில்தான் என் அம்மா எனக்கு வாத்தியார் ஆனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் கொண்டு வந்த சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஷூ சாமான் விற்கும் கடையில் கெட்டியான ஈ.வி.ஏ. ஷீட் வாங்கி வந்தார். ஷூவின் பழைய இன்சோலை உருவி அதை அச்சாக வைத்து வரைந்தார். குதிகாலில் 8, முன்னால் 3. ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கினார். அவர்கள் கம்பெனியில் அதற்கு ஸ்கைவிங் என்று பெயர். என் கேஜை வாங்கி அளந்து பார்த்துவிட்டு "உன் மெஷினு அரை மில்லி தப்பு காட்டுது" என்றார். தப்பு காட்டியது மெஷின் இல்லை, நான் பிடித்த விதம். மீதி 4 மில்லியை பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கும் தாத்தா பார்த்துக்கொண்டார். அடிப்பாகத்தைப் பிரித்து, நடுவில் ரப்பர் வைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டி, சுற்றித் தையல் போட்டுக் கொடுத்தார். இன்று வரை பிரியவில்லை. நீங்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தாலும் எனக்கு இப்போது கவலை இல்லை.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் எந்நேரமும் ஷூ போட்டுத் திரிகிறவர்கள் இல்லை. வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், நம் கம்ப்யூட்டர் லேபில் கழற்றாவிட்டால் அட்டெண்டர் அண்ணன் விடமாட்டார். ஷூவுக்குள் வைத்த துண்டு ஷூவோடு வாசலில் நின்றுவிடுகிறது! கால் நீண்டுவிடவில்லை, தரைதான் கொஞ்சம் உயர்ந்தது என்பது அப்போது நன்றாகத் தெரியும். வீட்டில் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நடப்பதால் குடி முழுகிவிடாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் காலேஜ் விட்டு வந்ததும் மாலை முழுக்க ஹவாய் செருப்பில் சுற்றுகிறோமே, அங்கே துண்டு நிற்காது. ஆகவே இடது செருப்பின் அடியில் கெட்டி ரப்பர் ஷீட்டை ஒட்டிவிட்டோம். ஷூவை மட்டும் சரி செய்துவிட்டு செருப்பை மறக்கிறவன் பாதி வேலைதான் செய்தவன். இன்னொன்று, ஒர்க்ஷாப்புக்கு இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ வாங்குகிறவர்கள் துண்டோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாதம் உயர்ந்தால் விரல் அந்த இரும்பில் போய் இடிக்கும்.

சரி, இதையெல்லாம் கேட்ட என் நண்பன் ஒருவன் "டேய், எனக்கும் முதுகு வலிக்குது, எனக்கும் ஒண்ணு அம்மாகிட்ட செஞ்சு வாங்கிக் குடுடா" என்றான். நான் மறுத்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அவனுக்காகத்தான் இந்தப் பத்தி. உலகத்தில் இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பவர்கள்தான் அபூர்வம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓரளவு வித்தியாசம் இருக்கிறது, சராசரி சுமார் 5 மி.மீ. என்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெரியாமலே ஓடியாடி வாழ்ந்து முடிக்கிறார்கள். 2009-ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே உசைன் போல்ட், அவருக்கே முதுகெலும்பு வளைவோடு வலது கால் அரை அங்குலம் குட்டை என்று 2017-ல் பத்திரிகைகளில் வந்தது.  முதுகு வலிக்கு ஆயிரம் காரணம், பெஞ்சில் கூன் போட்டு உட்காருவது உட்பட. தவிர, எலும்பு இரண்டும் சமமாக இருந்தும் இடுப்புத் தசை இறுகியோ, ஒரு பாதம் தட்டையாகியோ கால் குட்டையாகத் தோன்றுவதும் உண்டு. அங்கே தேவை உடற்பயிற்சி அல்லது பாதத்தின் வளைவுக்கு ஒரு தாங்கல். துண்டு வைத்து உயர்த்தினால் இருக்கிற கோணலை நாமே நிரந்தரமாக்கிவிடுவோம். நண்பா, கோபம் தணிந்திருந்தால் ஒருமுறை போய் அளந்து கொண்டு வா. எத்தனை மில்லி என்று சீட்டில் இருந்தால் அம்மாவே செய்து தருவார்.

பெரிய வித்தியாசத்துக்குத் துண்டெல்லாம் பத்தாது. ஐந்து சென்டிமீட்டர் போல இருந்தால் எலும்பையே நீட்டும் அறுவை உண்டு. ரஷ்யாவில் சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் இலிசரோவ் என்ற டாக்டர் உருவாக்கிய வளையக் கருவி. எலும்பைப் பிரித்து, காலைச் சுற்றி வளையம் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெதுவாக விலக்க விலக்க இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. அதில் மாட்டும் மறைத்தண்டு 6 மி.மீ. விட்டம், பிட்ச் 1 மி.மீ. நம் ஒர்க்ஷாப்பில் தட்டி எடுக்கும் எம்.6 போல்ட்டேதான்! நட்டைக் கால் சுற்று வீதம் ஒரு நாளைக்கு நான்கு முறை திருப்பினால் ஒரு மில்லி. திரெட் கட்டிங் வைவாவில் பிட்ச் என்றால் என்ன என்று கேட்டால் இனி எனக்கு மறக்காது. எனக்கு அது தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கணக்கில் வலியோடு இருக்க வேண்டிய வைத்தியம் அது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். போலியோவில் கால் சூம்பியவர். இரண்டு அங்குலத்துக்குத் தடித்த அடி வைத்த ஒற்றை பூட்ஸ். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்த பூட்ஸ் சத்தத்தை வைத்தே பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்திருக்கிறோம். நானும் பாடினேன். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011-ல். 2014-ல் நாடே போலியோ இல்லாதது என்று சான்று வந்தது. அந்த மாதிரி பூட்ஸ் இனிமேல் குறைந்துகொண்டே போகும். ஆனால் அம்மா முதலில் என் ஷூவில் கை வைக்கப் பயந்ததற்குக் காரணம் அந்த பூட்ஸ்தான். "பையனுக்கும் அந்தப் பேர் வந்துடுமோ" என்று இரவில் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். இதில் வேடிக்கை, காலணியே மருந்து என்பது எங்கள் சீமைக்குப் புதிதே இல்லை. தொழுநோயில் உணர்ச்சி போன பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்வதற்கு டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் உட்கார்ந்துதான் பாடுபட்டார். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர்கள் நமது. நம் பிள்ளை காலில் ஒரு துண்டு வைக்க மட்டும் ஊர் வாய்க்குப் பயம்.

இப்போது கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. நண்பர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், "மெடிக்கல்ல ஷூவக் கழட்டச் சொன்னா போச்சுடா, துண்ட எடுத்து பாக்கெட்ல வெச்சுக்கோ." நான் ஒப்பவில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி இடஒதுக்கீடு போன்ற சலுகைக்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். என் பதினெட்டு மில்லி அதன் பக்கத்தில்கூடப் போகாது. சர்டிபிகேட்டில் நான் குறை உள்ளவன் இல்லை. வரிசையில் நின்றால் குறை இல்லாதவனும் இல்லை. நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு மறைப்பதுதான் வழி என்று ஆகிவிட்டது. ஆனால் துண்டு வைத்த பிறகு நான் ஒர்க்ஷாப்பில் முழு நாள் நின்று ஜாப் முடித்திருக்கிறேன். வலி முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முன்பு தினமும் வந்தது, இப்போது எப்போதாவது வருகிறது. கேட்டால் அதைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டில் முதல் சம்பள வேலைக்கு நிற்கப் போகிறவன் நான். எடுக்காமல் போனாலும் போகலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. துண்டைப் பாக்கெட்டில் ஒளித்து வைத்து வாங்கிய வேலையில் அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. என்.எஸ்.எஸ். மருத்துவ முகாமில் கண்ணும் பல்லும் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். அடுத்த முறை எலும்பு டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ ஒருவரையும் அழைக்க வேண்டும். முதலாம் ஆண்டில் ஒர்க்ஷாப் ஷூ வாங்கும் முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. "எல்லாரும் ஒரே மாடல்" என்கிற விதியில் அடி ஏற்றிய ஷூவுக்கும் இடம் கொடுக்கச் சொல்லி எச்.ஓ.டி. சாரிடம் பேரவைதான் பேச வேண்டும். நான் தனியாகப் போய்க் கேட்டால் 'டேப்பர்' வந்திருக்கான் என்று ஆகிவிடும்.

முகாமுக்கு வருகிற டாக்டருக்கு மரத்துண்டு செட் வேண்டுமே என்று கார்ப்பென்டரி ஷாப்பில் கேட்டேன். இன்ஸ்ட்ரக்டர் சார் தேக்கு வெட்டு மிச்சம் கொடுத்தார். 2, 3, 5 மி.மீ. துண்டுகள் முடிந்துவிட்டன. 10 மி.மீ. துண்டு மட்டும் ஒரு மூலையில் அரை மில்லி தூக்கி நிற்கிறது. திங்கட்கிழமை மதியம் அதை மறுபடி இழைக்க வேண்டும். இழைப்புளி பிடிக்கத் தெரிந்த யாராவது கூட வந்தால் உபயோகமாக இருக்கும்.